காலி வண்டியின் எடை

என் சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்த நாளிலிருந்து என் வயிறு ஒரு குளம். தினமும் சர்க்கரைத் தண்ணீரைக் குழாய் வழியே உள்ளே விடுவேன், சில மணி நேரம் ஊறவைப்பேன், கீழே ஒரு காலிப் பையில் வடிப்பேன். உள்ளே போனதைவிட வெளியே வருவது கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் உடம்பில் தேங்கிய நீர். எல்லாம் வீட்டிலேயே, ஜன்னலோரம், காலை நீட்டிக்கொண்டு. மகாராஜாக்களுக்குக்கூட இந்த வசதி கிடையாது.

ஓய்வுபெறும்வரை லாரிகளை எடை போட்டவன் நான். மலையை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாலும் நிறுத்துக் கொடுத்திருப்பேன். ஆகவே வடித்த பையைத் தராசுக் கொக்கியில் மாட்டும் உரிமையை மனைவிக்குக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த முறை டாக்டரம்மா என் வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். விழுந்த குழியில் மீன் வளர்க்கலாம். எடையும் ஏறியிருக்கிறது என்றார். வருஷக்கணக்காகச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறி வயிற்றுச் சவ்வு தடித்துவிட்டதாம், இனி நீரை இழுக்காதாம். பிடிவாதமாகத் தொடர்ந்தால் அது கெட்டியாகிக் குடலையே சுற்றி இறுக்கிவிடலாமாம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரி இயந்திரத்துக்கு மாறச் சொன்னார்.

நான் விடுவேனா? தினமும் கூடுதலாகத்தான் வடிகிறது, உங்கள் தராசுதான் பழுது என்று வாதாடினேன். படையே திரண்டு வந்தாலும் என்னை இயந்திரத்தோடு கட்டிப்போட முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் மனைவியைச் சாட்சிக்கு நிறுத்தி, பையை மாட்டினேன். முள் கூடுதல் காட்டியது. மீசையை முறுக்கினேன்.

அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, லாரியை எப்படி எடை போடுவீங்க?"

"சரக்கோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை. கழிச்சாத்தானே சரக்கு. இதுகூடத் தெரியாதா?"

"அப்ப இந்தப் பைக்கு எடை கிடையாதா? குழாயைக் கழுவ முதல்ல புதுத் தண்ணியை இதுக்குள்ளதானே விடறீங்க. அது உங்க வயித்துலேருந்தா வந்துச்சு?"

இரண்டையும் கழித்தோம். கூடுதல் கிடக்கட்டும், உள்ளே போனதே முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "ஊர் லாரியையெல்லாம் பிடிச்சவரு, நீங்களே ஓவர்லோடுல நிக்கறீங்க. நாளைக்குப் போறோம்."

போனோம். கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு இயந்திரத்தில் உட்காரவைத்தார்கள். கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்த நரம்பு தடித்தால்தான் இயந்திரத்தின் ஊசியைத் தாங்குமாம். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அமுக்குகிறேன். சாப்பிடும்போதும் பந்து, மனைவியோடு சண்டை போடும்போதும் பந்து. சவ்வு தடித்து என்னைக் கவிழ்த்தது. நரம்பைத் தடிக்கவைத்து நான் நிமிராமல் விடமாட்டேன்.

இன்று காலை, நரம்பு கப்பல் கட்டும் வடம் அளவுக்கு வந்துவிட்டது என்று கையை நீட்டினேன். அவள் தடவிப் பார்த்தாள்.

"உங்க புளுகைக் கழிச்சா சணல் கயிறு. அமுக்குங்க."