இடப்பக்கம் இழுக்கும் கன்ட்ரோலர்

ரொட்டி வண்டியைக் கிடங்கில் விட்டதும் முக்வானா நேராக வீட்டுக்குப் போவதில்லை. போனால் அங்கே யார் இருக்கிறார்கள்? ஓர் அறை, ஓர் அடுப்பு, மனைவி ட்ரூஃபெனா பிரிந்து போனபோது கழற்ற மறந்த திரைச்சீலை. அதனால் மதியத்துக்கு மேல் அவர் கால்கள் கயோலே பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குத் தானாகவே திரும்பிவிடும். அது கேம் ஆடும் இடம். இரண்டு டிவி, இரண்டு கேம் பெட்டி, முதுகு சாய்க்க வழியில்லாத மரப் பெஞ்சுகள், ஓயாத வாய்ச்சண்டை.

"போன வருஷ கேமுக்கும் இந்த வருஷ கேமுக்கும் என்ன வித்தியாசம்னு ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம். சட்டைக் கலரை மாத்திட்டு மறுபடி விக்கிறான்," என்றான் கொட்டகையைக் கவனித்துக்கொள்ளும் கமாண்டே.

"புல்லைப் பாருடா. ஒவ்வொரு இதழும் தனியா அசையுது," என்றான் ஒகெல்லோ.

"நீ பந்து ஆட வந்தியா, மாடு மேய்க்க வந்தியா?"

"போடா. என் லேப்டாப்புல ஆடினா இதைவிட அருமையா தெரியும்."

"எது, லண்டன்காரன் தூக்கிப் போட்டானே, அதுவா? அது ஃபேன் போடுற சத்தத்துல, மட்டாட்டு வேன் வருதுன்னு நெனச்சு நேத்து ஒரு அம்மா கை காட்டினாங்க!"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கமாண்டே திரும்பி, "பாபா நெலிமா, நீங்க சொல்லுங்க. புல்லு முக்கியமா?" என்று கேட்டான்.

நெலிமாவின் அப்பா என்றுதான் அங்கே எல்லோரும் அவரை அழைத்தார்கள். பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதானே மரியாதை? ஆனால் அந்தப் பிள்ளை அம்மாவோடு தொலைவில், கிட்டாலே என்ற ஊரில் இருந்தாள். நாளெல்லாம் அவள் பெயர் காதில் விழுந்துகொண்டிருக்க, அவள் குரல் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போனில் வரும். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், சரி பாபா. அவ்வளவுதான்.

"பந்து எங்க போகுதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்ப்பா," என்றார் முக்வானா. அதற்கும் சிரித்தார்கள். அந்த நாளில் வேறு யாரும் அவரிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை. கடைக்காரர்கள் ரொட்டியைத்தான் கேட்பார்கள்.

அவர் அங்கே வர ஆரம்பித்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்த நெலிமா காதில் இயர்போனோடு சுவரைப் பார்த்தபடியே ஒரு வாரத்தைக் கழித்துவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் போனில், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று வழக்கம்போல் கேட்டபோது, "மாமா வீட்டுல ஃபுட்பால் கேம், பாபா. எல்லாரையும் தோக்கடிச்சிட்டேன்!" என்றாள். அந்தக் குரலில் ஒரு துள்ளல் இருந்தது. பல மாதங்களாக அவர் கேட்காத துள்ளல். அதைப் பிடித்துக்கொண்டார். ஏப்ரலில் அவள் வரும்போது எதிரில் உட்கார்ந்து ஒழுங்காக ஒரு ஆட்டம் ஆட வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றில்லை. அவளுக்கு ஈடாக நின்றால் போதும்.

கொட்டகையில் ஒரு வழக்கம். ஜெயித்தவன் எழுந்திருக்க மாட்டான். நல்ல கன்ட்ரோலரும் அவனிடமே இருக்கும். புதிதாக உட்காருகிறவனுக்கு மற்ற பழையது. முக்வானா எப்போதும் புதிதாக உட்காருகிறவர்தான். தோற்பார், எழுவார், வரிசையில் காத்திருந்து மறுபடி உட்காருவார். மார்ச் மழை தொடங்குவதற்குள் பந்தைக் கடத்தக் கற்றுக்கொண்டார். ஒருநாள் ஒகெல்லோவையே தோற்கடித்தார். கொட்டகை அதிர்ந்தது. கமாண்டே நல்ல கன்ட்ரோலரை நீட்டியபோது, "இதுவே எனக்குப் பழகிடுச்சுப்பா," என்று பழையதையே வைத்துக்கொண்டார். பெரியவர் பெருந்தன்மைக்காரர் என்று பையன்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் வந்தது. நெலிமாவும் வந்தாள், டிசம்பரைவிட உயரமாக, அதே இயர்போனோடு. முக்வானா ஒரு டிவியையும் கேம் பெட்டியையும் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். உறை பிரிக்காத புத்தம் புது கன்ட்ரோலர் இரண்டு. அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்து அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"உங்களுக்கு ஆடத் தெரியுமா பாபா?"

"ஆடிப் பாரேன்."

ஆட்டம் தொடங்கியது. அவருடைய ஆட்கள் வலப்பக்கமாக ஓடினார்கள். கோலை நோக்கி அடித்த பந்து வலப்பக்கம் கோட்டைத் தாண்டிப் போனது. காவலுக்கு நிற்க வேண்டியவன் வலப்பக்கமாக ஒதுங்கி, நெலிமாவுக்கு வாசலைத் திறந்துவிட்டான். முக்வானாவுக்கு வியர்த்தது. எவ்வளவு கவனமாக ஆடினாரோ அவ்வளவு மோசமாகப் போயிற்று. முதலில் சிரித்த நெலிமா, நான்காவது கோலுக்குப் பிறகு சிரிக்கவில்லை.

"பாபா, நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல. வேணும்னே தோக்காதீங்க."

"இல்லம்மா, நான் நிஜமாவே..."

"யாராவது இவ்வளவு மோசமா ஆடுவாங்களா?" அவள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள். சற்று நேரத்தில் அங்கிருந்து யார் யாரிடமோ பேசுகிற சத்தம் வந்தது. "டேய், பின்னாடி பாரு! பின்னாடி!" போனில் ஆடுகிற வேறொரு கேம். முக்வானா அடுப்பில் சோளமாவு உகாலியைக் கிளறிக்கொண்டே அந்தக் குரலைக் கேட்டார். அதே துள்ளல்தான். அவருக்கானது இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் வேலை முடிந்ததும் கொட்டகையில் விஷயத்தைச் சொன்னார். கமாண்டே தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, பாபா நெலிமா! அந்தப் பழைய கன்ட்ரோலர்ல குமிழ் தேஞ்சுபோச்சு. விரலை வைக்காமலே ஆளை இடப்பக்கம் இழுத்துட்டுப் போகும். அதைச் சரிக்கட்ட நீங்க எந்நேரமும் வலப்பக்கம் அழுத்திக்கிட்டே ஆடிப் பழகிட்டீங்க. நல்ல கன்ட்ரோலர் குடுத்தா கட்டைவிரல் சும்மா இருக்குமா?"

"இவன் மட்டும் என்ன," என்றான் ஒகெல்லோ, கமாண்டேயைக் காட்டி. "டவுன்ல போட்டி நடந்தப்போ இவனும் முதல் ஆட்டத்துலயே கோட்டுக்கு வெளிய ஓடிட்டுத்தான் திரும்பி வந்தான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா?"

"நீங்களா கேட்டு வாங்கினீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்."

அன்று மாலை அவர் நெலிமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கொட்டகை, வரிசை, தேய்ந்த குமிழ், வலப்பக்கம் அழுத்தும் கட்டைவிரல். அவள் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"தினமும் போனீங்களா?"

"அநேகமா."

"எனக்காகவா?"

அவர் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெலிமாவின் முகம் மாறியது; சங்கடமா, வருத்தமா என்று அவருக்குப் புரியவில்லை.

"நான் அந்த கேமை விட்டு ரொம்ப நாளாச்சு பாபா," என்றாள் மெதுவாக. "மாமா பசங்க சண்டை போடுறாங்க. இப்போ போன்ல இதான். பள்ளிக்கூடத்துப் பசங்க எல்லாரும் இதுலதான் இருக்காங்க." பிறகு அவளே எழுந்து டிவியைப் போட்டாள். "சரி, வாங்க. ஒரு ஆட்டம்."

கட்டைவிரலோடு மல்லுக்கட்டி ஆடி, கடைசியில் அவர் ஒரு கோல் போட்டார். நெலிமா ஐந்து. "அது நிஜமா போட்டதா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். "நிஜமா," என்றார். அந்த கோலை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு," என்றாள். பிறகு போன் அதிர்ந்தது. நண்பர்கள் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு மூலைக்குத் திரும்பினாள்.

ஞாயிறு காலை பேருந்தில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். பேருந்து திரும்புவதற்குள் தலை போனை நோக்கிக் குனிந்துவிட்டது. டிவியையும் கேம் பெட்டியையும் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, அவள் ஆடுகிற கேமைத் தன் போனில் இறக்கினார். பழைய போன், பாதியில் சூடேறித் திணறியது. பெயர் கேட்டது. பாபா நெலிமா என்று எழுதினார். நண்பர்கள் என்ற இடம் காலியாக இருந்தது. அவள் பெயரைத் தேடிப் பிடித்து, சேர்த்துக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் அனுப்பினார். காத்திருக்கவும் என்றது போன்.

பொழுது சாய்ந்தது. ட்ரூஃபெனா அழைத்து, பிள்ளை வந்து சேர்ந்தாள் என்று சொல்வாள் என அவர் எதிர்பார்க்கவில்லை, அவள் சொல்வதுமில்லை. முக்வானா போனை எடுத்துப் பார்த்தார். விண்ணப்பம் அப்படியே கிடந்தது. ஆனால் நெலிமாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. மூன்று பேரோடு ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று அடியில் எழுதியிருந்தது.

வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். போனைச் சார்ஜரில் மாட்டி, திரை தெரிகிற மாதிரி சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு ஆளுக்கு மாவு எடுத்தார்.