தொண்ணூறு நாள் பை

இரத்தினசிங்கம் செய்த பை நல்ல பைதான். அதில் ஒரு குறை சொல்ல ஏலாது. மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்தது. பார்வைக்குப் பொலித்தீன், தண்ணீர் ஒழுகாது, இழுத்தாலும் இலேசில் கிழியாது. ஆனால் மண்ணில் புதைத்தால் தொண்ணூறு நாளில் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். அவர் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் விரிவுரையாளர். மெஷினும் செலவும் திருகோணமலையில் பை செய்கிற ஒரு முதலாளியுடையவை. காப்புரிமை கிடைக்கும்வரை பை மக்கும் என்கிற கதை வெளியே போகக்கூடாது என்று அந்த முதலாளி கையெழுத்து வாங்கியிருந்தார். படித்த மனிதரின் வாயைக் கட்ட ஒரு கையெழுத்துப் போதாதா என்ன!

சோதனைக் குழிகளை வளாகத்திலும், சம்பூரில் தங்கமுத்துவின் காணியிலும் வெட்டினார்கள். தங்கமுத்து புருசனில்லாதவள். இரண்டு பெண்பிள்ளைகள், அரை ஏக்கர் காணி, அவ்வளவுதான் அவளுக்கு. மாடு மிதிக்காமல் குழிகளைக் காவல் காத்தாள். ஏன் புதைக்கிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டபோது, புதுமாதிரிப் பொலித்தீன், சோதித்துப் பார்க்கிறோம் என்று இரத்தினசிங்கம் மழுப்பிவிட்டார். மனம் கேளாமல், மிஞ்சிய பைகளை விதைநெல் போட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அது 2006 மாசி மாதம்.

சித்திரையில் சண்டை மூண்டு குண்டு விழுந்தது. சம்பூர்ச் சனம் உடுத்த துணியோடு ஓடியது. பிறகு இராணுவம் ஊருக்குள் யாரையும் விடவில்லை. வைகாசியில் வளாகத்துக் குழியைத் தோண்டியபோது கையில் வந்தது நாலு நார் மட்டும். முதலாளி கேக் வெட்டினார், இரத்தினசிங்கமும் ஒரு துண்டு தின்றார்.

அடுத்த வருசம் கிளிவெட்டி முகாமில் தங்கமுத்து இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, பால்மா வாங்கிக்கொண்டு போனார். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தறப்பாள் கொட்டிலுக்குள் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள்.

"வீடு போனாலும் காணி உறுதிப் பத்திரம் இருக்கு சேர். சண்டை வருமெண்டு கதை வந்த அண்டைக்கே உங்கட பையில சுத்தி வேப்பமரத்தடியில கிடங்கு வெட்டித் தாட்டனான்."

இரத்தினசிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஏன் அந்தப் பையில் வைத்தாய் என்று கேட்டார்.

"மண்ணுக்குள்ள தாங்குமோ எண்டு பாக்கத்தானே நீங்கள் புதைச்சனீங்கள்? இல்லாட்டி நல்ல பையை ஆர் சேர் புதைப்பான்?"

அவளில் என்ன பிழை? தான் வைத்ததோடு நிற்காமல், மிச்சப் பைகளை அயலிலுள்ள ஏழு குடும்பங்களுக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தாள். அவர்களும் தங்கள் உறுதிகளை அப்படியே தாட்டிருந்தார்கள். எட்டு உறுதி. தாட்டு ஒரு வருசம். போய்த் தோண்ட வழியுமில்லை, வழியிருந்தாலும் தோண்ட ஒன்றுமில்லை. பாவி, அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

"அக்கா, அந்தப் பை மண்ணில மக்கிப் போகும். அதுக்கெண்டுதான் செய்தது."

தங்கமுத்து தண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியடியில் வாளிகளோடு நின்ற அயலவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ சேர். அதை நம்பித்தான் இருக்கினம்."

முகாம் வாசல்வரை வழியனுப்ப வந்தவர் கந்தப்போடி, அந்த ஏழு வீட்டுக்காரரில் ஒருவர். இரத்தினசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, பை தந்த புண்ணியம் உங்களுக்கு என்றார்.

"உறுதியள் பத்திரமா இருக்கும், என்ன சேர்?"

"ஓம்" என்றார் இரத்தினசிங்கம்.