மைதிலி மேடம் போட்ட பட்டினி

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருக்கும் அந்த எஞ்சினியரிங் காலேஜில் எழுத்து மையம் என்று ஒன்று உண்டு. நூலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஜெராக்ஸ் அறைக்கு வெள்ளையடித்து, நாலு மேசை போட்டுத் திறந்துவிட்டார்கள். காலேஜ் விளம்பரத்தில் அதன் படம் பிரின்ஸிபால் படத்தைவிடப் பெரிதாக வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆங்கிலத் துறை மைதிலி மேடமும், அவளுக்குக் கைகொடுக்க மூன்றாம் வருஷப் பெண் தேவிப்ரியாவும்தான். விண்ணப்பம், கடிதம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் எதையாவது எழுதிக்கொண்டு வருவார்கள். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டே அவர்களைத் திருத்த வைப்பார்கள்.

அங்கே சட்டம் ஒன்றே ஒன்று. பேனா எழுத வந்தவர் கையில்தான் இருக்க வேண்டும், சொல்லித் தருகிறவர் அதைத் தொடக்கூடாது. சட்டம் போட்டவள் மைதிலிதான். கை துறுதுறுத்தால் தொடைக்கு அடியில் வைத்துக்கொள் என்று தேவிப்ரியாவைப் பழக்கியவளும் அவள்தான். ஊருக்கு உபதேசம் செய்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

அந்த வருஷம் தேவிப்ரியாவே ஒரு அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டாள். கிடைத்தால் மேல்படிப்பு வரைக்கும் கவலையில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். அவள் அம்மாவைப் பற்றி எழுதினாள். அம்மா ராமாயிக்கு நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை. அப்பா போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் எப்போதாவதுதான் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பார். அப்படியும் அம்மா எங்களை ஒரு வேளைகூடப் பசிக்க விட்டதில்லை என்று எழுதியிருந்தாள்.

மைதிலி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசுல ஒட்டலயே. கஷ்டம் எங்க?"

"கஷ்டந்தானுங்க மேடம். விடியறதுக்கு முன்னயே சோறாக்கி வெச்சுட்டு அம்மா வேலைக்குப் போயிருமுங்க."

"பட்டினி கெடந்ததில்லையா? ஒரு நாள்கூட?"

தேவிப்ரியா சிரித்துவிட்டாள். "எங்க ஊட்டுல சோத்துக்கு என்னைக்கும் கொறை இல்லீங்க மேடம். பண்ணையில ஒடைஞ்ச முட்டை குடுப்பாங்க. தின்னு தின்னு, இப்பெல்லாம் முட்டைன்னாலே ஓட்டம் புடிப்பேன்."

மைதிலி புதுச்சத்திரத்தில் காடு தோட்டத்தோடு வளர்ந்தவள். பசியை அவள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். கோழிப்பண்ணையில் கூலி வேலை என்றால் அந்த வீட்டில் பட்டினி இருந்தே ஆக வேண்டும் என்பது அவள் தீர்மானம். இல்லை என்று பெண் சொன்னால், பாவம், சொல்லக் கூச்சப்படுகிறது என்று அர்த்தம். படித்தவர்களுக்கு என்று தனியாக ஒரு குருடு உண்டு. அதற்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது.

அதோடு, மையத்திலிருந்து போன விண்ணப்பம் எதுவும் அதுவரை தேறவில்லை. "ஜெராக்ஸ் மிஷினாவது நாலு காசு சம்பாதிச்சுதும்மா" என்று பிரின்ஸிபால் போகிற வருகிற இடமெல்லாம் குத்திக்கொண்டிருந்தார். மைதிலி தேவிப்ரியாவின் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். பல இரவுகள் அம்மா எங்களை வெறும் வயிற்றோடு படுக்க வைத்தாள், தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கினோம் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது.

"இது நடக்கலீங்களே மேடம்."

"எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க. படிக்கறவங்களுக்கும் அது தெரியும். நீ பேசாம அனுப்பு."

தேவிப்ரியா அப்படியே அனுப்பிவிட்டாள். எழுதச் சொல்லிக் கொடுத்தவரிடம் எப்படி எதிர்த்துப் பேசுவது?

உதவித்தொகை கிடைத்துவிட்டது. பிரின்ஸிபாலுக்குத் தலைகால் புரியவில்லை. கலையரங்கத்தில் விழா எடுத்து, பெற்றோரையும் வரச் சொன்னார். ராமாயி தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு, நல்ல சேலை கட்டி, முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். அறக்கட்டளைச் செயலாளர் பாலசுந்தரம் நல்ல மனுஷர். பெற்றோருக்கும் புரியட்டுமே என்று கட்டுரையைத் தமிழாக்கியே கொண்டு வந்திருந்தார். வெறும் வயிற்று இடம் வந்ததும் அவர் குரல் தழுதழுத்தது. அரங்கம் முழுக்க உச்சுக் கொட்டியது. மைதிலி மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லோரும் மேடையைப் பார்க்க, அவள் மட்டும் ராமாயியைப் பார்த்தாள். ராமாயி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் தலை மெல்ல மெல்லக் கவிழ்ந்தது. நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்ததையும் மைதிலி பார்த்தாள். காலடியில் பூமி பிளக்கக்கூடாதா என்று இருந்தது.

விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ராமாயி போகவில்லை. மகளை இழுத்துக்கொண்டு நேரே எழுத்து மையத்துக்கு வந்தாள்.

"நீங்கதானுங்களா மைதிலி மேடம்?"

"ஆமாங்கம்மா. உக்காருங்க."

"இருக்கட்டுங்க." அவள் நின்றபடியே பேசினாள். "எம்பட புள்ளைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கறது நீங்கதான்னு சொல்லுவா. அதான் உங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தனுங்க. இவளை ஒரு வேளையாச்சும் நான் பட்டினி போட்டிருந்தா என் கை வெளங்காம போகட்டும். எனக்கு இல்லாட்டியும் இவளுக்கு வெச்சிருக்கறனுங்க. புருசன் அனுப்புன காசையெல்லாம் என்ன பண்ணுனேன்னு நாத்தனா அங்கியே கேட்டுப்போட்டா. நாளைக்கு அவரு போன் பண்ணிக் கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்? ஏன்டி இப்படி எழுதுனேன்னு இவளைக் கேட்டா, நாந்தான் எழுதுனேன், மேடம் இங்கிலீஸை மட்டுந்தான் திருத்துனாங்கங்கறா. பெத்தவளை நாலு பேருக்கு முன்னால இப்படிச் சொல்ற புள்ளைக்கு நீங்கதானுங்க புத்தி சொல்லோணும்."

தேவிப்ரியா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது. மைதிலிக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் பெற்ற தாயிடம் பொய்க்காரியாக நிற்கிறாள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் சோறு இறங்காது.

"நாந்தாங்க எழுதுனேன்," என்றாள் மைதிலி. "தேவிப்ரியா வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கல. தப்பு என்னோடதுங்க."

ராமாயி அவளையே பார்த்தாள். கடுகடுவென்று இருந்த முகம் இளகியது.

"பாத்தியா சாமி," என்றாள் மகளிடம். "உன்ற குத்தத்தை அவுங்க தலையில போட்டுக்கறாங்க. இப்படிப்பட்டவங்ககிட்ட இருந்துட்டு உனக்கு ஏன் புத்தி இப்படிப் போச்சு?" மைதிலியிடம் திரும்பினாள். "பெரிய மனசுங்க உங்களுக்கு. ஆனா நீங்க எதுக்குங்க அப்படி எழுதப் போறீங்க? எங்க ஊட்டை நீங்க பாத்ததுகூட இல்லியே."

அந்தக் கேள்வி மைதிலியைச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இல்லீங்கம்மா, நிஜமாகவே நான்தான் என்று இன்னொரு தரம் சொன்னால் போதும். தேவிப்ரியா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். சொல்லுங்கள் மேடம் என்றுதான் அந்தப் பார்வை கேட்டது. மைதிலி வாயைத் திறந்தாள்.

வராந்தாவில் பிரின்ஸிபாலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இதாங்க சார் நம்ம எழுத்து மையம்" என்று பாலசுந்தரத்தை அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மைதிலி திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

தேவிப்ரியா அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஆமாம்மா," என்றாள். "மேடம் எனக்கோசரம் சொல்றாங்க. நாந்தான் எழுதுனேன்."

மைதிலிக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று அடுத்த நொடியே தன்மேல் காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் அப்பாடா என்றுதான் இருந்தது.

ராமாயி கிளம்பும்போது இரண்டு கைகளையும் கூப்பி மைதிலியைக் கும்பிட்டாள். மைதிலியும் பதிலுக்குக் கும்பிட்டாள். தேவிப்ரியா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.