வந்தாச்சு

அந்தக் கட்டிடத்தின் சொந்தக்காரரைக் குடியிருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘பேனாமூடி’ என்பார்கள். ரசீது கேட்டால் மனுஷனின் பேனா மூடி திறக்காது. அட, ஒரு கையெழுத்துப் போட்டால் சொத்தா கரைந்துவிடும்? வாடகையை வாங்கி, எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணி, பழைய நோட்டுப்புத்தகம் ஒன்றில் ஆள் பேருக்கு நேரே, மாசத்துக்குக் கீழே, ‘வந்தாச்சு’ என்று ஒரே ஒரு வார்த்தை எழுதுவார். தொகை கிடையாது. பெரிய கணக்குப் புலி!

மூன்றாம் மாடி ஒற்றை அறையில் துணி தைத்துப் பிழைத்த தையல்காரி, பதினோரு வருஷமாக அந்த வார்த்தையை நம்பித்தான் காசு கொடுத்தாள். இப்போது அவர் மச்சினனுக்கு அந்த அறை வேண்டுமாம். மூன்று மாச வாடகை பாக்கி, காலி செய் என்று நோட்டீஸ் விட்டுவிட்டார். அறை போனால் பிழைப்பும் போச்சு.

வாடகைத் தகராறு விசாரிக்கும் அதிகாரியம்மா, நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார்.

“மூணு மாசத்துக்கும் ‘வந்தாச்சு’ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

பேனாமூடி கூசாமல் சிரித்தார். “ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம் மேடம். வந்தா, நின்னா, கையை விரிச்சுட்டுப் போயிட்டா. பணம் எங்க வந்துச்சு?”

பொய்யைக்கூடத் தலைசீவிப் பவுடர் பூசியல்லவா கூட்டிவருகிறான், பாவி! தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“மூணு மாசமும் நானேதான் உங்க வீட்டுக்கு வந்தேனா ஐயா?”

“நீயேதான். என் கண்ணால பார்த்தேனே!”

“சத்தியமா?”

“சத்தியமா!”

அவள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “ரெண்டாவது மாசம் பூரா நான் கால் ஒடிஞ்சு படுக்கையில கிடந்தேன் மேடம். இவர் வீட்டம்மாதான் ஆஸ்பத்திரிக்கே வந்து வாடகை வாங்கிட்டுப் போனாங்க.”

அதிகாரியம்மா சீட்டின் தேதியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். “அப்போ அந்த மாசம் வந்தது ஆளா, பணமா?”

பேனாமூடி நோட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்; அதிகாரியம்மா விடவில்லை. அறை தையல்காரிக்கே என்றும், இனி மாசாமாசம் ரசீது கொடுத்தே ஆகவேண்டும் என்றும் உத்தரவானது.

வெளியே வந்ததும் அந்த வெட்கங்கெட்ட மனுஷன் அவளிடமே உறுமினார். “அடுத்த மாச வாடகையை ஒண்ணாம் தேதியே கொண்டுவந்து கொடுத்துடணும், ஆமா!”

“நான் எதுக்கு வரணும்?” என்றாள் அவள். “ரசீதைக் கையில பிடிச்சுக்கிட்டு நீங்க மூணு மாடி ஏறி வாங்க. எழுத்துக்கூட்டிப் படிச்சுப் பார்த்துட்டு, அப்புறம் காசு தரேன்.”