ஞாயிறு மட்டும் இறங்கிய டிகாஷன்

மண்ணூரில் சவரியம்மாள் வீட்டில் எந்த ஃபில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றினாலும் டிகாஷன் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் இறங்கும். திங்கட்கிழமை ஊற்றினாலும் அப்படித்தான், வெள்ளிக்கிழமை ஊற்றினாலும் அப்படித்தான். நாள்கணக்கில் மேல் பாத்திரத்தில் நின்ற தண்ணீர் ஆறாமல், ஊசிப் போகாமல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது போலச் சுடச்சுடச் சொட்டும். ஒரு டம்ளர் காப்பிக்குச் சரியாக வரும், அதற்கு மேல் சொட்டாது. 1957ஆம் வருஷம் ஜூலை மாதத்திலிருந்து இப்படி.

அவள் புருஷன் அருள்நாதன் பெங்களூர் ரோட்டில் தார் போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. இன்ஜினீயர்களின் கூடாரத்தில் காப்பி பழகிக்கொண்டு, ஊரே கூழ் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் காஞ்சிபுரம் போய் ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கி வந்தார். காப்பிக்காக எந்தப் பொய்யும் சொல்லக்கூடிய மனுஷன். தலைவலி என்பார், சாவு வீட்டிலிருந்து வருகிறேன் என்பார், இன்றைக்குத் தன் பேர்கொண்ட திருநாள் என்று வருஷத்தில் நாலு தடவை சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பாச்சா பலிக்காது. மாதாகோயில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் அதற்கு முன்பு தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்த வருஷம் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்து அது தளர்ந்தது. சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம், காப்பி மாதிரிக் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் விட்டால் போதும். சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்ன ஞாயிறன்று சவரியம்மாள் தங்கையின் பிரசவத்துக்காகப் பென்னலூரில் இருந்தாள்.

அவள் திரும்பி வந்த வாரத்து ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் குடிக்கட்டும் என்று வழக்கம்போல விடிகாலையிலேயே வெந்நீர் ஊற்றி வைத்தாள். ஆறு மணிக்கு டிகாஷன் இறங்கிவிட்டது. பூசை ஏழரைக்கு. அருள்நாதன் டம்ளரும் கையுமாக வந்து நின்றார்.

"சாமியாரே சொல்லிட்டாரு சவரி. ஒரு மணி நேரத்துக்கு முந்தி குடிச்சா பாவம் இல்லியாம்."

"காப்பிக்கோசரம் இப்ப சாமியார் பேர்லயே பொய் சொல்றியா? பூசை முடிஞ்சி வந்து குடி."

அவள் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். கோயிலுக்கு மூன்று மைல். பாதி வழியில், தான் தார் போட்ட ரோட்டிலேயே சைக்கிளோடு சாய்ந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். வெறும் வயிறு என்றாள் அவள். மூன்றாம் நாள் பூசை முடிந்து அவள் கேட்டபோது, அவர் சொன்னது உண்மைதான், தாராளமாகக் குடித்திருக்கலாம் அம்மா என்றார் சாமியார், அதனால் என்ன ஆகும் என்று தெரியாமல். வாழ்நாளில் அந்த மனுஷன் காப்பிக்காகச் சொன்ன ஒரே ஒரு நிஜம் அது.

மறுநாள் துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள். டிகாஷன் இறங்கவில்லை. துவாரம் அடைத்திருக்கும் என்று புளி போட்டுத் தேய்த்தாள், ஊசியால் குத்தினாள், தணலில் காட்டினாள். ஞாயிறு ஆறு மணிக்குத்தான் சொட்டியது. அவர் கோபமாக இருக்கிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடு உயிர் வாழ முடியாது. ஆகவே குற்றம் ஃபில்டர் மேல்தான் என்று முடிவு கட்டினாள். சாதாரணக் கிழமையில் இறங்குகிற நம்பகமான ஃபில்டர் ஒன்று கிடைத்துவிட்டால் அவர் கோபமாக இல்லை என்று ஆகிவிடும். அதைத் தேடித்தான் இருபத்தைந்து வருஷம் அலைந்தாள்.

சுங்குவார்சத்திரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த சுப்பராயன் ஒவ்வொரு ஃபில்டருக்கும் கேரண்டி கொடுத்தார். கடையிலேயே வெந்நீர் ஊற்றிக் காட்டுவார், கால் மணியில் இறங்கிவிடும். அதையே மண்ணூருக்குக் கொண்டுபோனால் நின்றுவிடும். ஒருமுறை சத்திரத்துத் தண்ணீரைக் குடத்தில் கட்டி எடுத்துக்கொண்டு அவரே வந்தார். அவர் கண்ணெதிரே நின்றது. "என் வியாபாரத்துலயே இப்டி ஒரு அவமானம் பட்டதில்லம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். பித்தளைக்குப் பிறகு எவர்சில்வர் வந்தது, பீங்கான் வந்தது, துணிப்பை வந்தது. கடைசியில் மெட்ராஸிலிருந்து கரண்டில் வேலை செய்யும் பர்கலேட்டர் வந்தது. ஆறு நாள் அதன் சிவப்பு விளக்கு எரிந்ததுதான் மிச்சம்.

இத்தனையில் சவரியம்மாளுக்கு ஃபில்டர் சாஸ்திரம் அத்துப்படி ஆகிவிட்டது. துவாரம் கசகசா அளவுக்கு மேல் போகக் கூடாது, வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒன்று விடாமல் வெளிச்சம் தெரிய வேண்டும், மேல் பாத்திரம் ஆடாமலும் இறுகாமலும் உட்கார வேண்டும், பொடியை அழுத்தும் தட்டு விளிம்பில் உரசக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சீருக்கு ஃபில்டர் எடுப்பவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனார்கள். அவள் பொறுக்கிக் கொடுத்தது ஒன்றுகூட அந்த வீடுகளில் தகராறு பண்ணியதில்லை.

ஞாயிறு இறங்குகிற டிகாஷனில் பால் விட்டு, சர்க்கரை போட்டு, அவர் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போவாள். வந்து பார்ப்பாள். டம்ளரில் ஏடு படிந்திருக்கும், ஒரு வாய் குறைந்திருக்காது. தண்ணீரை ஆறு நாள் சூடாக வைத்திருக்க முடிந்த அதிசயத்துக்கு, அந்த ஒரு வாய் மட்டும் முடியவில்லை. புறக்கடையில் கொண்டுபோய்க் கொட்டுவாள். சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேர விரதம் போதும் என்று பிறகு சட்டம் இன்னும் தளர்ந்தது. அவள் மட்டும் பழைய சட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காப்பியே தொடுவதில்லை.

1982இல் ரோட்டோரம் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. பக்கத்து வீட்டு மீனம்மாள், மகன் முதல் ஷிப்ட் போனபின் எச்சில் தட்டைக் கழுவப் புறக்கடைக்கு வந்தவள், சவரியம்மாள் காப்பியைக் கொட்டுவதைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாகப் பார்ப்பதுதான். அன்றைக்கு ஏனோ பொறுக்கவில்லை.

"அந்த மன்ஷன் கேட்டது ஒரு டம்ளர் காப்பி. கொட்றதுக்கா கேட்டாரு? நீயாச்சும் குடியேன்க்கா."

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு டிகாஷன் இறங்கியது. சவரியம்மாள் பாலைக் காய்ச்சி, அவருக்குப் போடுகிறபடி இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, நுரை வர ஆற்றி, அடுப்படியில் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். காப்பி மிகவும் நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். பாதியில் நிறுத்தி, மீதியை மூடி வைத்துவிட்டு, வாயில் காப்பி வாசனையோடு போய் நற்கருணை வாங்கினாள். திரும்பி வந்து மூடியைத் திறந்தபோது அந்தப் பாதி அப்படியே இருந்தது.

"சரி, நானே குடிச்சிடறேன்யா" என்று சொல்லி, சுடவைத்து அதையும் குடித்தாள்.

மறுநாள் வெந்நீர் ஊற்றினாள். சனிக்கிழமை வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அவள் அதற்குப் பிறகு வேறு ஃபில்டர் வாங்கவில்லை.