வளர்கிற தபால்காரருக்கு ஒரு மழைக்கோட்டு

1

துணி வெட்டிய அன்று அந்த வீட்டில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு:

வேலாமணி, தரையில், துணியின் மேலேயே. (எழுந்தால் துணி சுருட்டிக்கொள்ளும்.)

அவள் கணவர் ஆறுச்சாமி, சேரம்பாடித் தபால்காரர், முக்காலியில். தோளில் தபால் பை. பையோடு சேர்த்து அளவெடுக்க வேண்டும் என்பது வேலாமணியின் உத்தரவு.

பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் டீச்சர், தையல் மெஷின் முன்னால். மெஷின் அவருடையது, ஆகவே நாற்காலியும் அவருக்கே.

மழை, வெளியே. அது உட்காரவே இல்லை.

இதை எழுதுகிற நான் அங்கே இல்லை. நான் கண்டதெல்லாம் பேருந்து ஜன்னல் வழியாக ஒரு முதுகு. கறுப்பு மழைக்கோட்டு. அதன் நடு முதுகில் செய்தித்தாள் துண்டு ஒன்று தையலோடு தையலாக ஒட்டியிருந்தது: 'மணமகள் தேவை. சொந்த வீடு உண்டு.' பேருந்து கிளம்பிவிட்டது. அந்த முதுகுக்கு ஒரு முன்பக்கம் தேவைப்பட்டது. அதற்காகத்தான் இந்தக் கதை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'மலையின் தோளில் மேகம் ஒரு—' வேண்டாம். ஜூன் மாதச் சேரம்பாடியில் மலையே தெரியாது, தோளை எங்கே போய்த் தேடுவது?

'எழுபதுகளின் தொடக்கத்தில், மலைப்பகுதித் தபால் போக்குவரத்தானது—' இது கட்டுரை.

'வேலாமணிக்குக் கீழே போக இஷ்டமில்லை.'

இது நிற்கும். கீழே என்றால் உடுமலைப் பக்கம், மாமியார் வீடு. அங்கே அவளுக்கு முன்னால் வந்த மருமகள்கள் மூவர். அடுப்படியில் அவளுக்குக் கிடைத்த பதவி தேங்காய் துருவுவது. சேரம்பாடிக்கு வந்த பிறகுதான் குழம்புக்கு உப்புப் போடும் அதிகாரம் அவள் கைக்கு வந்தது.

அந்த அதிகாரத்துக்கு இப்போது ஆபத்து. இரண்டு மழைக்காலமாக ஆறுச்சாமி கொண்டுவந்த கடிதங்களைப் பிழிந்துதான் படிக்க வேண்டியிருந்தது. சப் போஸ்ட்மாஸ்டர் சுவிசேஷமுத்து, தெற்கத்திக்காரர், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ நனைஞ்சுதுன்னா ஊட்டி ஆபீசுக்கு எழுதிருவேன்வே. வெயிலடிக்கிற ஊராப் பாத்து ஒம்ம மாத்திருவாவ."

* மழைக்கோட்டு கேட்டு ஏன் விண்ணப்பம் போடவில்லை என்பீர்கள். போட்டார். அதுவும் அவர் பையில்தான் போயிற்று.

3

கூடலூர்ச் சந்தையில் வேலாமணி வாங்கி வந்தது ரப்பர் பூசிய துணி. பட்டாளத்தில் கழித்துப் போட்டது என்றான் விற்றவன். அதற்கு ஒரு குணம் உண்டு: குத்தினால் மறக்காது. வேறு துணியில் தையலைப் பிரித்தால் தடம் மறைந்துவிடும். இதில் ஊசி ஒரு தரம் இறங்கினால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும், தண்ணீர் உள்ளே வரும். (நானும் அதே மாதிரி எழுதுவதென்று முடிவு செய்தேன். குத்திப் பார்த்த இடங்களை மேலே கண்டிருப்பீர்கள்.)

ஆகவே குண்டூசி கூடாது. துணி காயப்போடும் கிளிப், தலைக்குப் போடும் கிளிப், எல்லாம் கோட்டில் ஏறின. பொத்தானும் கூடாது.

"பொத்தான்னா ஓட்டைங் டீச்சர்."

"பின்ன எப்படிம்மா போட்டுக்குவாரு?"

"தலை வழியாத்தானுங். பனியன் போடறதில்லீங்களா?"

தைக்க உட்கார்ந்தால், துணியை அமுக்கிப் பிடிக்கிற இரும்புக் காலில் ரப்பர் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. டீச்சர் யோசனை சொன்னார்: மேலே காகிதம் வைத்துத் தைக்க வேண்டும், தைத்ததும் கிழித்துவிட வேண்டும். கையில் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள். எல்லாத் தையலிலும் காகிதம் ஒழுங்காகக் கிழிந்து வந்தது. முதுகுத் தையலில் மட்டும் வேலாமணி அவசரப்பட்டாள். கிழிக்கும் முன்பே, ஓட்டை அடைக்கிற சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனை மேலே பூசிவிட்டாள். காய்ந்துவிட்டது. இனிக் கிழித்தால் தையலும் சேர்ந்து வரும்.

"ஏனுங் டீச்சர், முதுகுல என்னமோ எழுதியிருக்குதுங்களா?" என்றார் ஆறுச்சாமி.

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ இந்தச் சிரிப்பு சிரிக்கறா?"

"உங்களுக்கு நான் ஒருத்தியே சாஸ்தி," என்றாள் வேலாமணி. "ஆரு கேட்டாலும் திரும்பாம நடங்க."

4

பியாட்ரிஸ் டீச்சரைக் கதையிலிருந்து வெட்டிவிடலாமா என்று இந்த இடத்தில் யோசித்தேன். காகித யோசனையோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் அவர் போனால் மெஷினும் போய்விடும். அதனால் காபி போட மட்டும் அனுப்பினேன். அது தப்பாகப் போயிற்று. அடுத்த காரியத்தைத் தடுத்திருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

வேலாமணி அதுவரை தைத்ததெல்லாம் தன் பெண்களுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை. அடியில் ஒரு சாண் துணியை வெளிப்பக்கமாக மடித்து, எட்டி எட்டித் தையல் போடுவாள். பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிட்டால் பாவாடையும் வளரும். அவள் கை அப்படியே பழகிவிட்டது. கோட்டின் அடியிலும் சுற்றிலும் ஒரு சாண் மடிப்பு ஏறிவிட்டது.

காபியோடு வந்த டீச்சர் பார்த்தார். "இது எதுக்கும்மா?"

"வளந்தா பிரிச்சு உட்டுக்கலாமுங்."

ஆறுச்சாமிக்கு வயது நாற்பத்திரண்டு.

"இருக்கட்டுமுங் டீச்சர்," என்றார் அவர், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

5

மறுநாள் கொட்டியது. எஸ்டேட் பெட்டிகளில் போட்டிருந்த கடிதங்களை எடுத்துக்கொண்டு ஆறுச்சாமி ஆபீசுக்கு நடந்தார். மனம் கேட்காமல் வேலாமணி குடையோடு கொஞ்சம் பின்தங்கித் தொடர்ந்தாள்.

எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் ராக்கம்மா முதுகைப் படித்துவிட்டாள். "தபால்காரரே! சொந்த வீடு ஓட்டு வீடா, தகர வீடா? எனக்கொரு நாத்தனா இருக்கா!"

ஆறுச்சாமி திரும்பவில்லை. உத்தரவு.

போகப் போகக் கோட்டு கனத்தது. தோளில் விழுந்த மழையெல்லாம் வழிந்து, எட்டிப் போட்ட தையல் சந்துகள் வழியே மடிப்புக்குள் இறங்கியது. கீழே மடிப்பில் தையலே இல்லை. போக வழியும் இல்லை. சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு மழையைக் கட்டிக்கொண்டு நடந்தார். அடிக்கு ஒரு முறை 'தளக், தளக்' என்றது. அவர் வயிறுதான் காலைப் பழையதுக்குப் பேசுகிறது என்று வேலாமணி நினைத்தாள்.

ஆபீசில் கழுத்து வழியாகக் கையை விட்டுப் பையை எடுத்துக் கொடுத்தார். சுவிசேஷமுத்து கடிதங்களை மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காஞ்சுல்லா இருக்கு!"

ஜன்னலுக்கு வெளியே நின்ற வேலாமணிக்கு உப்பு டப்பா கண்ணில் தெரிந்தது.

"நல்ல காரியம் செஞ்சீருவே. கோட்டக் கழட்டிட்டு உக்காரும்," என்றார் சுவிசேஷமுத்து, முதல் தடவையாக அன்போடு.

ஆறுச்சாமி குனிந்தார். கோட்டின் அடியை இரண்டு கையாலும் பிடித்தார். தலைக்கு மேலே தூக்கினார்.

(இங்கே ஒரு நல்ல வாக்கியம் இருந்தது. தண்ணீரோடு போய்விட்டது.)

6

மடியிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டு, காய்ந்த காகிதம் ஒன்றைத் தேடி எடுத்து, சுவிசேஷமுத்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "மேற்படி நபர் கையில் தபால் நனையாமல் இருப்பதில்லை. ஆகவே மழையில்லாத இடத்துக்கு—"

வேலாமணி உள்ளே வந்துவிட்டாள். "ஏனுங், பையில நனையலீங். உங்க மேசையிலதானுங் நனைஞ்சுது!"

"மேசைக்குத் தண்ணி எங்கருந்தும்மா வந்துது?"

"மேல இருந்துங்."

"மேலன்னா?"

"கோட்டுல இருந்துங்."

"கோட்டு யாரு தச்சது?"

வேலாமணி பியாட்ரிஸ் டீச்சரைத் தேடினாள். டீச்சர் நாலாம் பகுதியோடு நின்றுவிட்டார்.

கடிதத்தை மடித்து உறையில் போட்டு, மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி, முத்திரை குத்தினார் சுவிசேஷமுத்து. ஊட்டி பஸ்ஸில் ஏற்ற வேண்டிய பைக்குள் அது போயிற்று. பஸ் நிற்கிற வளைவு வரை அதைச் சுமந்து போக வேண்டியவர் ஆறுச்சாமி. பையைத் தோளில் மாட்டி, மேலே கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வெளியே மழை இன்னும் உட்காரவில்லை.

மேசையில் பார்சல் தைக்கிற கோணி ஊசி கிடந்தது. வேலாமணி அதை எடுத்தாள்.

7

இங்கே எனக்கு முடிவுகள் கிடைத்தன.

முதல் முடிவு: பை இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, தோளில் ஒரே ஒரு குத்து. கடிதம் ஊறிவிடும், எழுத்து கரைந்துவிடும், ஊட்டியில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் ஊறின கடிதம் போய்ச் சேர்ந்தால், படிக்காமலே குற்றம் நிரூபணம்.

இரண்டாம் முடிவு: குத்தாமல் விடுவது. கடிதம் காய்ந்தபடி போய்ச் சேரும். மாற்றல் எழுத்துக்கு எழுத்து படிக்கப்படும். தேங்காய்த் துருவல்.

மூன்றாவது: 'அப்போது வானம் வெளுத்து—' சேரம்பாடியில், ஜூனில்? என் முகத்தில் துப்புவார்கள்.

நான் இப்படி விழித்துக்கொண்டிருக்கும்போதே வேலாமணி குந்தி உட்கார்ந்து, புருஷனைச் சுற்றிச் சுற்றி, மடிப்பின் அடியில் குத்த ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, ஓட்டை போடறயே!" என்று ஆறுச்சாமி அலறினார்.

"தண்ணி போக வேண்டாமுங்களா? அசையாம நில்லுங்க."

தோளை மட்டும் அவள் தொடவில்லை. தான் தைத்த கோட்டுக்குள் கடிதம் நனைந்தது என்று ஒருத்தர் சொல்லக் கூடாது. எந்தக் கடிதமாக இருந்தாலும் சரி.

ஆறுச்சாமி நடந்தார். சுற்றிலும் நூறு இடத்தில் சொட்டியது. 'தளக்' இல்லை.

வளைவில் பஸ் நின்றது. பையை வாங்கிய கண்டக்டர் முதுகைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணு கெடச்சுதாண்ணா?"

"இதத் தச்சதே அவதானுங்," என்றார் ஆறுச்சாமி, திரும்பாமல்.

பஸ்ஸில் இருந்தவர்களும் இடமும்: கண்டக்டர், படியில். நான், ஜன்னலோரம். பை, என் காலடியில். உள்ளே, 'மேற்படி நபர் கையில் தபால் நனையாமல் இருப்பதில்லை' என்று எழுதிய கடிதம். பை காய்ந்திருந்த மாதிரிதான் தெரிந்தது. நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஊட்டியில் அந்த உறையைப் பிரிக்கப் போகிற அதிகாரியை நான் எழுதவும் இல்லை. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். படிக்கும் முன்பு ஒரு தரம் கன்னத்தில் வைத்துப் பாருங்கள்.

விசில் ஊதியாயிற்று. பஸ் கிளம்பிவிட்டது.