மூன்று பேர் பழுது பார்த்த கழுதை

அந்தப் பொறியியல் கல்லூரியில் பேட்டரியில் ஓடும் பொம்மை ஒன்றைச் செய்து காட்டாமல் யாரும் அடுத்த வருடத்துக்குப் போக முடியாது. பொம்மை தானாக நடக்க வேண்டும். மேசை விளிம்பு வந்தால் தானாக நின்று பின்வாங்க வேண்டும். இதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். உண்மையான தேர்வு வேறு. மதிப்பெண் போடும் முன் பேராசிரியர் பொம்மையை ஒரு குழந்தையின் முன்னால் விடுவார். குழந்தை விளையாடினால் தேர்ச்சி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னொரு வருடம்.

குழந்தை, லேப் உதவியாளரின் ஐந்து வயது மகள். கல்லூரி முழுக்க அவளுக்கு நீதிபதி என்று பெயர். ஒருமுறை பாடிக்கொண்டே ஆடும் எந்திர மனிதனை அவள் முன்னால் நிறுத்தினார்கள். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டாள். வராது என்றார்கள். "அப்ப எனக்கு வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதைச் செய்தவன் பொறியியலையே விட்டுவிட்டான். இப்போது தத்துவம் படிக்கிறான், சந்தோஷமாக இருக்கிறான் என்று கேள்வி.

நம் கதையில் வரும் மாணவியை எல்லோரும் அவசரம் என்று கூப்பிட்டார்கள். சாப்பிட உட்காரும்போதே கை கழுவ எழுந்துவிடுகிற ரகம். போன வருடம் அவள் ஒரு தவளை செய்தாள். தவளை நன்றாகத்தான் குதித்தது. ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டது. இன்றுவரை கிடைக்கவில்லை. மழை பெய்தால் பின்பக்கக் குட்டையில் மோட்டார் சத்தம் கேட்கிறது என்று காவலாளி சத்தியம் செய்கிறார். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆகவே இந்த வருடம் அவளுக்கு இரண்டாவது முறை. இதிலும் கோட்டை விட்டால், ஒரு வகுப்பு கீழே படிக்கும் சொந்தத் தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். தம்பி இப்போதே அதற்குத் தயாராகிவிட்டான்.

"அக்கா, உனக்கு ஜன்னலோரம் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். ஒரே ஒரு கண்டிஷன். என்னைப் பாத்து எழுதக் கூடாது."

"டேய், வாயை மூடிட்டுப் போ."

"இப்பவே ஜூனியரை மிரட்டிக்கோ. அடுத்த வருஷம் நாம ஒரே வகுப்பு."

அவள் இம்முறை செய்தது ஒரு கழுதை. மோட்டார், கியர், கால்கள் எல்லாம் அவள் பொறுப்பு. புரோகிராம் எழுதியவன் தந்தி. தந்தி என்றால் ஆள்தான். ஒரு வாக்கியத்தில் நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டான். சாம்பல் நிறத் துணியில் தோல் தைத்துக் கொடுத்தவர் அவசரத்தின் அம்மா, தையல்காரர். விளிம்பைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்றைக் கழுதையின் மூஞ்சிக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி வைத்திருந்தார்கள். கீழே மேசை தெரிந்தால் கழுதை நடக்கும். தெரியாவிட்டால் ஒரு கத்துக் கத்திவிட்டுப் பின்னால் போகும். கியரைச் சரியாகக் கணக்குப் போடாத நாட்களில் அது லேப் சுவரில் ஓயாமல் முட்டியதில் அந்த அறை ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை, கடைசி ஒத்திகை. சுவிட்சைப் போட்டதும் கழுதை வாலை முன்னால் விட்டுப் பின்பக்கமாக நடந்தது.

"உன் புரோகிராம்தான்!" என்றாள் அவசரம்.

"உன் வயர்" என்றான் தந்தி.

"எனக்கு வயர் மாட்டத் தெரியாதா?"

"தவளை."

அந்த ஒரு வார்த்தையோடு பேச்சு நின்றது. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, "கழுதை பின்னாடியே போகுதும்மா, என் தலையெழுத்து" என்று புலம்பினாள். பேட்டரியைக் கழற்றி மறுநாளைக்காக சார்ஜில் போட்டார்கள். இனி தேர்வு மேசையில்தான் கழுதை நடக்கும்.

தந்தி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவள் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி மாட்டினாள். வேலை முடிந்தது. அவனிடம் சொன்னால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும், அதனால் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. இரண்டு வயர், இதில் சோதிக்க என்ன இருக்கிறது? இருட்டிய பிறகு காது தைப்பதற்காகக் கழுதையை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் லேபில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே தம்பி தன் வகுப்பையே திரட்டிக்கொண்டு நின்றான். நீதிபதி மேசையின் ஒரு கோடியில் ஸ்டூல் மேல் ஏறி, உம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவசரம் பேட்டரியை மாட்டி, நீதிபதியின் முன்னால் கழுதையை வைத்தாள். இடது வயிற்றுப் பக்கம் சுவிட்சைத் தேடினாள். இல்லை. வலது பக்கம் இருந்தது. இது எப்படி மாறியது என்று யோசிக்கத் தொடங்கினாள். ஆனால் கை அவளைக் கேட்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டது.

கழுதை நடந்தது. தலை முன்னால், வால் பின்னால், மேசையின் மறுகோடியைப் பார்த்து ராஜநடை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சரி பண்ணிட்டேன்" என்றான் தந்தி, மெதுவாக.

அவள் திரும்பினாள். "என்னத்தை?"

"நேத்து சாயங்காலம். புரோகிராம்ல மைனஸ் போட்டேன்."

"ஐயோ, நான் மத்தியானமே வயரை மாத்திட்டேனே!"

இருவரும் கழுதையைப் பார்த்தார்கள். இரண்டு திருத்தமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கழுதை நேற்று மாதிரி பின்னால்தான் போக வேண்டும். அதுவோ முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா!" என்று ஜன்னலிலிருந்து தம்பி கத்தினான். "அம்மா சொல்லச் சொன்னாங்க, மறந்துட்டேன்! பின்னாடி போற கழுதைக்கு மூஞ்சியை அந்தப் பக்கம் வெச்சா முன்னாடி போற மாதிரிதானேன்னு, தோலை உரிச்சு மாத்திப் போட்டுத் தைச்சுட்டாங்க!"

அவளுக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கழுதை நேற்றைய திசையில்தான் போகிறது. தலைதான் இடம் மாறியிருக்கிறது. அப்படியானால் சென்சார்? சென்சார் இப்போது வாலுக்குக் கீழே இருக்கிறது. மேசை விளிம்பு எதிரே வருகிறது, கழுதைக்கோ பின்பக்கத்தில் கண்.

அவள் கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள். செய்தவர்கள் தொட்டால் தோல்வி, அது விதி. தொடாவிட்டால் கழுதை சிமெண்ட் தரையில், அவள் தம்பியின் பெஞ்சில். கழுதையின் முன்னங்கால் விளிம்பை நெருங்கியது.

நீதிபதி ஸ்டூலிலிருந்து மேசை மேலேயே குப்புற ஏறி, தவழ்ந்து போய், எட்டி வாலைப் பிடித்துத் தூக்கினாள்.

வாலைத் தூக்கியதும் சென்சாருக்குக் கீழே மேசை காணாமல் போனது. கழுதை நின்றது. அந்தக் கட்டிடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை வகுப்புகளும் எழுந்து உட்காரும்படி ஒரு கத்துக் கத்தியது. பிறகு மடமடவென்று பின்வாங்கி நீதிபதியின் மடியிலேயே வந்து முட்டியது.

 நீதிபதி வாலை விட்டாள். கழுதை கிளம்பியது. வாலைத் தூக்கினாள். கத்திக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடி விட்டாள், மறுபடி தூக்கினாள். மூன்றாவது தடவை அவள் சிரித்தாள். அப்பாவே மகளின் பல்வரிசையை அன்றுதான் முழுதாகப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

"போகாதன்னா போகுது. வாலைப் பிடிச்சா திட்டுது," என்று தீர்ப்பைத் தொடங்கினாள் நீதிபதி. "எனக்கு வேணும்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "சென்சாரை வாலுக்குக் கீழே வைக்கணும்னு யாருக்குப்பா தோணுச்சு?"

தந்தி வாயைத் திறந்தான். அவசரம் முந்திக்கொண்டாள். "யாருக்கும் தோணலை சார். நான் ஒரு தடவை சரி பண்ணேன், இவன் ஒரு தடவை சரி பண்ணான், எங்கம்மா ஒரு தடவை சரி பண்ணாங்க. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை."

பேராசிரியர் வெகுநேரம் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். பிறகு, "பாஸ்," என்றார். "வரைபடம் மட்டும் இன்னிக்கே வரைஞ்சு குடுத்துடுங்க."

அவசரம் போட்ட கூச்சலில் கழுதையே ஒரு கணம் அடங்கிப்போனது. ஜன்னலுக்கு வெளியே தம்பிதான் எல்லோரையும்விட உரக்க விசிலடித்தான். அவள் தந்தியின் முதுகில் ஒரு போடு போட்டாள். இருவரும் நடைபாதையில் தாளை விரித்து உட்கார்ந்தார்கள். படத்தில் முதல் வேலை, எது முன்பக்கம் என்று குறிப்பது.

"சென்சார் இருக்கிற பக்கம்" என்றான் தந்தி.

"நடக்குற பக்கம்டா!"

"மோட்டாருக்கு அது பின்பக்கம்."

அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, பாஸாயிட்டேன்! அதை விடும்மா, அப்புறம் அழுதுக்கோ. கழுதைக்கு முன்பக்கம் எது?"

"நான் எந்தப் பக்கம் காது தைச்சேனோ அதுதான்டி."

தந்தி அப்படியே எழுதிக்கொண்டான்.